அன்னாசியின் ஒன்றுவிட்ட தம்பி

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகிற வழியில் திருப்பாச்சூர். பாசு என்றால் மூங்கில்; மூங்கில் காடாக இருந்த ஊர். மூங்கில் புதரை வெட்டும்போது ஆயுதம் பட்டுத்தான் லிங்கம் தெரிந்தது என்கிறது வாசீஸ்வரர் கோயில் தலபுராணம்.

அந்த ஊர்ச் சாலையோரம் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் அன்னாசி சீவிக்கொண்டிருந்தார். தோலை எடுத்தபின் கத்தியைச் சாய்த்து, பழத்தைச் சுற்றிக் கோணலாகப் பள்ளம் போட்டுக் கண்களைத் தோண்டினார். ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ இருந்த இடம். நூற்றுக்கு மேற்பட்ட பூக்கள் ஒட்டிப்போய் ஒரே பழமாக நிற்கிறது. இதுவும் ஊருக்குப் பெயர் தந்த மூங்கிலும் தூரத்துச் சொந்தம் என்றால் அவர் மிளகாய்ப்பொடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார். ஆனால் நெல், மூங்கில், அன்னாசி மூன்றையும் தாவரவியலார் போயேலிஸ் என்ற ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள்.

அன்னாசியின் குடும்பம் புரோமெலியேசி. மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள்; தாய்வீடு அமெரிக்கக் கண்டம். போர்ச்சுக்கீசியர் பழத்தோடு பெயரையும் இங்கே இறக்கினார்கள். 'அன்னாசி' தென் அமெரிக்கத் துப்பி மக்களின் சொல்லிலிருந்து வந்தது.

மொத்தக் குடும்பத்தில் ஒன்றே ஒன்று மட்டும் இயற்கையாகவே அட்லாண்டிக் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. 1937-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில், ஃபூட்டா ஜலோன் மேட்டுநிலத்துச் செங்குத்துப் பாறைகளில் ஆரஞ்சு நிறப் பூவோடு நின்ற அதைச் சேகரித்தவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஆன்றி ஜாக்-ஃபெலிக்ஸ். அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் பார்த்த செடியாகத்தான் இருக்கும். பார்த்தால் மட்டும் ஒரு செடி 'புதிய இனம்' ஆகிவிடாது.

பறித்ததைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து அழுத்திக் காயவைக்க வேண்டும். புரோமெலியேசிச் செடிகளோடு இது மல்யுத்தம்: இலையடி தடித்தது, பலவற்றில் ஓரமெல்லாம் முள், சிலவற்றில் இலைக்கிண்ணம் நிறையத் தண்ணீர். இலையை நீளவாக்கில் பிளந்து, பூவைத் தனியே பிரித்து வைப்பார்கள். காய்ந்தால் நிறம் போய்விடும் என்பதால் அங்கேயே குறித்துக்கொள்வார்கள். பிறகு உலர்தாவரக் கூடத்தில் செடி ஒட்டிய பழைய தாள்களோடு ஒப்பிடுதல். எதிலும் பொருந்தாவிட்டால் விளக்கம் எழுதிப் பெயர் சூட்டி, ஒரு தாளை அந்தப் பெயருக்கு மூலமாதிரியாக நிறுத்துகிறார்கள். கண்டுபிடிப்பு பாதி மலையில், பாதி மேசையில்.

இந்தச் செடி மேசையிலும் தடுமாற வைத்தது. அகஸ்ட் ஷெவாலியே அதற்காகவே ஒரு புதுப் பேரினம் படைத்தார். ஜெர்மானியர் ஹார்ம்ஸும் மில்ட்பிரேடும் 1938-இல் அதை அமெரிக்காவின் பிட்கேர்னியா பேரினத்தில் சேர்த்தார்கள். பிட்கேர்னியா ஃபெலிசியானா: சேகரித்தவரின் பெயர் இனப்பெயரில் ஒட்டிக்கொண்டது.

கண்டங்கள் பிரிந்தபோது இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதோ என்று எனக்கும் முதலில் தோன்றியது. கணக்கு இடிக்கிறது. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்து சுமார் 10 கோடி ஆண்டு ஆகிறது. மரபணு ஆய்வின்படி இந்தச் செடி அமெரிக்கச் சொந்தங்களை விட்டுப் பிரிந்து சுமார் 1 கோடி ஆண்டுதான். அப்படியானால் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்திருக்கிறது. பிட்கேர்னியா விதைகள் பெரும்பாலும் தூசி போல, இரு முனையிலும் மெல்லிய வாலோடு இருக்கும்.

வண்டிக்காரர் அன்னாசியின் கொண்டையைத் திருகிக் குப்பைக்கூடையில் எறியப் போனார். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"மண்ணுல சொருகி வைங்க சார், வரும்" என்றார்.