பொது நிர்வாகத்தில் மாஸ்டர்ஸ்: படித்தால் அரசாங்க வேலை கிடைக்குமா?

பட்டம் கையில் வந்தாச்சு, வேலைதான் இன்னும் சரியா அமையல. இந்த நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் பெரும்பாலும் ஒரே ஆலோசனைதான். "சும்மா இருக்கறதுக்கு ஒரு மாஸ்டர்ஸ் பண்ணிடு. கவர்மெண்ட் வேலைக்கு ஈஸியா இருக்கும்."

பாடத்தின் பெயரிலேயே 'பொது நிர்வாகம்' இருப்பதால், அதைப் படித்தால் புத்ராஜெயாவில் ஒரு நாற்காலி காத்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அப்படியா?

சுருக்கமான பதில்: பொதுச் சேவைக்குள் நுழைய முதுகலைப் பட்டம் தேவையில்லை. உள்ளே போனவர்கள் அதே படிப்பை அரசாங்கச் செலவில் படிக்க வழி இருக்கிறது. அதனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் பல ஆயிரம் ரிங்கிட்டும் சில ஆண்டுகளும் அடங்கியிருக்கின்றன.

இது என்ன படிப்பு?

அரசாங்கம் எப்படி இயங்குகிறது, எப்படி இன்னும் நன்றாக இயங்கலாம் என்பதைப் பற்றிய படிப்பு. வரவு செலவுத் திட்டம் எப்படித் தயாராகிறது, ஒரு கொள்கை பயனளித்ததா என்பதை எப்படி அளப்பது, அரசு ஊழியர்களை எப்படி நிர்வகிப்பது, நேர்மையை எப்படிக் காப்பது, சேவைகளை எப்படி மின்னிலக்கமாக்குவது போன்றவை பாடங்களாக வரும். புள்ளியியலும் கொஞ்சம் இருக்கும்.

இதற்கு நெருங்கிய இன்னொரு படிப்பு பொதுக் கொள்கை. முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய ஆய்வு அதில் அதிகம். எடுத்த முடிவைத் தரையில் நடத்திக் காட்டுவது பொது நிர்வாகத்தில் அதிகம். பாடங்கள் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கும்.

மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், சிந்தோக்கில் உள்ள மலேசிய வட பல்கலைக்கழகம் ஆகிய அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் இத்துறையில் முதுகலை நடத்துகின்றன. பாடம் மட்டும் படிப்பது, ஆய்வு மட்டும் செய்வது, இரண்டும் கலந்தது என மூன்று முறைகள் உண்டு. எல்லாப் பல்கலைக்கழகத்திலும் மூன்றும் இருக்காது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறையைப் பொறுத்தது.

வேலைக்கு இது கட்டாயமா?

இல்லை. பொதுச் சேவையில் பட்டதாரிகள் அதிகம் குறிவைப்பது பிடிடி எனப்படும் நிர்வாக, அரசதந்திர அதிகாரி வேலை. அமைச்சுகள், கருவூலம், மாவட்ட அலுவலகம், வெளிநாட்டுத் தூதரகம் என இந்த அதிகாரிகள் பல இடங்களில் பணியாற்றுகிறார்கள். தொடக்க நிலை முன்பு எம்41 என்று அழைக்கப்பட்டது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி புதிய சம்பள முறை நடப்புக்கு வந்தபோது அது எம்9 ஆனது.

அந்த நிலைக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி இளங்கலைப் பட்டம். பொது நிர்வாகம்தான் படித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பொறியியல், கணக்கியல், சட்டம், இலக்கியம் என எந்தத் துறையில் படித்தவரும் விண்ணப்பிக்கலாம்.

தேர்வு பல கட்டங்களில் நடக்கும். முதலில் நுழைவுத் தேர்வு. பொது அறிவு, பகுத்தறியும் திறன், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றை அது சோதிக்கும். அதில் தேறினால் குழுவாகச் செயல்படும் திறனைப் பார்க்கும் மதிப்பீட்டுக் கட்டம். கடைசியாக நேர்முகத் தேர்வு. முதுகலைப் பட்டம் இருந்தால் நேர்முகத்தில் பேச விஷயம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் எந்தக் கட்டத்தையும் அது தாண்டவைக்காது.

நிர்வாகப் பயிற்சியையும் சேவையே கொடுக்கிறது. அதற்காகவே இன்தான் எனப்படும் தேசியப் பொது நிர்வாகக் கழகம் இருக்கிறது. 1959இல் அரசாங்க ஊழியர் பயிற்சி மையமாகத் தொடங்கி, 1972இல் இன்றைய பெயரைப் பெற்றது. புதிய பிடிடி அதிகாரிகளுக்குப் பொது நிர்வாகத்தில் முதுநிலை டிப்ளோமா பயிற்சி அங்கேதான்.

அப்படியானால் விண்ணப்பங்கள் எங்கே சிக்குகின்றன?

பெரும்பாலும் முதுகலை இல்லாததால் அல்ல. மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, எஸ்.பி.எம். மலாய்மொழி. நிரந்தர வேலைக்கு அந்தப் பாடத்தில் கிரெடிட் தேர்ச்சி வேண்டும். தனியார் கல்லூரி வழியாக அறக்கட்டளைப் படிப்பு, பட்டம், முதுகலை என்று மேலே போய்விட்ட சிலர், இந்த ஒரு வரியில் நின்றுவிடுகிறார்கள். முதுகலைப் பட்டம் அதை ஈடுகட்டாது. கிரெடிட் இல்லாதவர்கள் மலாய்மொழியை மறுதேர்வாக எழுதலாம். முதுகலைக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதற்கான செலவு மிகச் சிறியது.

இரண்டாவது, விண்ணப்பிக்கும் இடம். "எஸ்பிஏல போட்டுட்டேன், பதிலே இல்ல" என்று சொல்பவர்கள் பலர். எஸ்பிஏ எனப்படும் பொதுச் சேவை ஆணையம் எல்லா அரசாங்க வேலைக்கும் ஆள் எடுப்பதில்லை. ஆசிரியர்களுக்குத் தனி ஆணையம் இருக்கிறது. காவல்துறைக்கும் தனி. பல மாநிலங்களுக்குச் சொந்தச் சேவை ஆணையம் உண்டு. சட்டபூர்வ அமைப்புகளும் ஊராட்சி மன்றங்களும் நேரடியாக ஆள் எடுக்கின்றன. எஸ்பிஏ இணையத்தளத்தில் மட்டும் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் மற்ற வாய்ப்புகள் கண்ணில் படாமலே போய்விடும்.

மூன்றாவது, பட்டத்தின் அங்கீகாரம். மலேசியத் தகுதி முகவையின் பதிவேட்டில் உங்கள் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்குப் பெயர் இருப்பது வேறு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் இருப்பது வேறு.

"நமக்கெல்லாம் எங்க கிடைக்கப்போகுது?"

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இதைப் பேச முடியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியர்களில் இந்தியர்கள் சுமார் 6.7 விழுக்காடு. பொதுச் சேவையில் அவர்களின் பங்கு அதைவிடக் குறைவு. நாடாளுமன்றத்தில் பல முறை எழுந்த விவகாரம் இது.

இந்தியர்களும் சீனர்களும் விண்ணப்பிப்பதே குறைவு என்று அதிகாரிகள் தரப்பில் விளக்கம் தரப்படுகிறது. தேர்விலும் பதவி உயர்விலும் நியாயம் வேண்டும் என்று சமூக அமைப்புகள் கேட்கின்றன. இரண்டு தரப்பின் வாதமும் தொடர்கிறது. ஒன்று மட்டும் நிச்சயம்: "கிடைக்காது" என்று நினைத்து விண்ணப்பிக்காத ஒவ்வொருவரும் அந்த விழுக்காட்டை இன்னும் கீழே இழுக்கிறார்கள். முதுகலை முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று தள்ளிப்போடுபவர்களும் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு விண்ணப்பதாரர்கள் அல்ல.

முதலில் வேலை, பிறகு படிப்பு: அது எப்படி?

பொதுச் சேவைத் துறை, அதாவது ஜேபிஏ, பணியில் இருப்பவர்களுக்கு எச்எல்பி எனும் கூட்டரசுப் பயிற்சி உதவித்தொகையை வழங்குகிறது. பணியில் உறுதிப்படுத்தப்பட்டு, ஆண்டு மதிப்பீட்டில் நல்ல புள்ளிகள் வைத்திருப்பவர்கள் முதுகலை, முனைவர் பட்டம் படிக்க விண்ணப்பிக்கலாம். தேர்வானால் முழுச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பும் கிடைக்கும். படித்து முடித்ததும் குறிப்பிட்ட காலம் அரசாங்கத்தில் பணியாற்ற வேண்டும். அந்த ஒப்பந்தத்தை மீறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு வாய்ப்புகளிலும் சில, வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. ஜப்பானிய அரசாங்கத்தின் இளம் தலைவர்கள் திட்டம் ஓர் உதாரணம். இளம் அரசு அதிகாரிகள் தோக்கியோவில் உள்ள தேசியக் கொள்கை ஆய்வுப் பட்டக் கல்லூரியில் ஓராண்டு ஆங்கிலத்தில் படிக்கலாம். இதற்குத் தனியாள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அரசாங்க அமைப்பு பரிந்துரைக்க வேண்டும்.

இந்த வரிசை புதியதும் அல்ல. கருவூலத்தில் நீண்டகாலம் பணியாற்றி, போக்குவரத்து அமைச்சின் தலைமைச் செயலாளர் பொறுப்பு வரை உயர்ந்த டான் ஸ்ரீ ரேமன் நவரத்தினம், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்தது பணியில் சேர்ந்த பிறகுதான்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சில ஆண்டுகள் கோப்புகளோடு மல்லுக்கட்டியவருக்கு, கொள்கை ஏன் காகிதத்தில் ஒன்றாகவும் தரையில் வேறாகவும் இருக்கிறது என்ற பாடம் உடனே பிடிபடும். அனுபவம் இல்லாதவருக்கு அது தேர்வுக்குப் படிக்கும் ஒரு அத்தியாயம், அவ்வளவுதான்.

அப்போ இப்போதே படிக்கிறது வீணா?

அப்படியும் இல்லை. அரசாங்க வேலை மட்டுமே குறி இல்லை என்றால் கணக்கு மாறும். கொள்கை ஆய்வு நிறுவனங்கள், அரசு சாரா அமைப்புகள், அனைத்துலக அமைப்புகள், ஆலோசனை நிறுவனங்கள் போன்ற இடங்களில் முதுகலைக்கு மதிப்பு அதிகம். விரிவுரையாளராக விரும்புபவர்களுக்கு அது முதல் படி. தனியார் துறையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் பாதை மாற நினைப்பவர்களுக்கும் உதவும்.

சிங்கப்பூரில் 2004இல் தொடங்கப்பட்ட லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி நமக்கு மிக அருகில் இருக்கும் ஒரு தெரிவு. பணி அனுபவம் உள்ளவர்களுக்கு ஓராண்டுப் பொது நிர்வாக முதுகலையும், இரண்டு ஆண்டுப் பொதுக் கொள்கை முதுகலையும் அங்கு உள்ளன.

பணத்துக்கு எங்கே போவது?

சீவ்னிங்: பிரிட்டிஷ் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்குக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானப் பயணம் ஆகியவற்றை ஏற்கும். பட்டம் பெற்ற பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணிநேரப் பணி அனுபவம் வேண்டும். படித்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் முடியும்.

ஃபுல்பிரைட்: அமெரிக்காவில் படிக்க. மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் இதைக் கவனிக்கிறது. இதிலும் நாடு திரும்பும் நிபந்தனை உண்டு.

மைபிரெயின் 2.0: உயர்கல்வி அமைச்சின் உள்ளூர் முதுநிலைப் படிப்பு உதவி. எந்தத் துறைகள் ஏற்கப்படுகின்றன என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இபிஎஃப்: சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம். எடுப்பது உங்கள் ஓய்வுக்காலப் பணம் என்பது நினைவிருக்கட்டும்.

வருமான வரி: வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படித்தால், கட்டணத்தில் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வரி விலக்குக் கோரலாம். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் எந்தத் துறையானாலும் இது பொருந்தும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

"எங்ககிட்ட படிச்சா அரசாங்க வேலை உறுதி" என்று எந்த முகவராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். அரசாங்க வேலையை உறுதி செய்யும் அதிகாரம் எந்தக் கல்லூரிக்கும் கிடையாது.

இந்தப் படிப்பு தகுதி முகவையின் பதிவேட்டில் இருக்கிறதா? நான் குறிவைக்கும் வேலையின் விளம்பரம் முதுகலை கேட்கிறதா? வேலையை விட்டுவிட்டுப் படித்தால், கட்டணத்தோடு இழக்கும் சம்பளம் எவ்வளவு? உபகாரச் சம்பளத்தில் எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? அதற்கு யார் உத்தரவாதக் கையெழுத்துப் போடுகிறார்கள்? பெரும்பாலும் அப்பா, அம்மா அல்லது மாமாதான் போடுவார். ஒப்பந்தம் முறிந்தால் கடிதம் அவர்கள் வீட்டுக்குத்தான் போகும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

எஸ்.பி.எம். சான்றிதழை எடுத்து மலாய்மொழித் தேர்ச்சியைப் பாருங்கள். கிரெடிட் இல்லை என்றால் மறுதேர்வுத் தேதியைத் தேடுங்கள்.

எஸ்பிஏ தளத்தில் பதிந்திருந்தால் உள்ளே போய் விவரங்களைப் புதுப்பியுங்கள். பதியவில்லை என்றால் பதியுங்கள். உங்கள் மாநில ஆணையம், அருகிலுள்ள ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் வேலை அறிவிப்புப் பக்கங்களையும் குறித்து வையுங்கள்.

முதுகலைக்கு ஏற்கெனவே இடம் கிடைத்துவிட்டதா? தாராளமாகப் போங்கள். ஆனால் படிப்பு முடியட்டும் என்று வேலை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். பிடிடி தேர்வு அறிவிக்கப்படும் நேரத்தில் நீங்கள் இரண்டாம் பருவத்தில் இருந்தாலும், இளங்கலைச் சான்றிதழ் கையில் இருந்தால் எழுதலாம்.