டொமைன் பட்டியல் ஏன் இவ்வளவு மெதுவா வருது?

டொமைன்களை நிர்வகிக்க நானே எழுதிய சின்ன வெப் அப்ளிகேஷன் ஒன்று இருக்கிறது. நண்பர்கள் சிலரும் பயன்படுத்துறாங்க. பட்டியல் பக்கம் திறக்க அரை நிமிஷம் ஆகுதுன்னு புகார். பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு டொமைனுக்கும் ஹூஇஸ் சர்வரிடம் போய் காலாவதி தேதியைக் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்பது டொமைனுக்கு நாற்பது கேள்வி, ஒன்றன்பின் ஒன்றாக! அளவுக்கு மீறிக் கேட்டால் அந்த சர்வர்கள் பதில் தருவதையே நிறுத்திவிடும். புதுப்பித்தால்தான் அந்தத் தேதி மாறும். அதனால் இரவில் ஒருமுறை மட்டும் கேட்டு டேட்டாபேஸில் வைத்துக்கொண்டேன். 2025 ஜனவரியோடு பொதுவான டொமைன்களுக்கு ஹூஇஸ் கட்டாயமில்லை என்று ஐகேன் அமைப்பு சொல்லிவிட்டதால், ஜேசனில் பதில் தரும் ஆர்டாப்புக்கும் மாறிவிட்டேன். பக்கம் இப்போ உடனே வருது.

அந்தக் கோடைத் திருத்தும்போதுதான் பெரிய ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. முகவரியில் உள்ள 17-ஐ 18 என்று மாற்றினால் அடுத்தவர் டொமைன் திறந்தது! லாகின் செய்திருக்கிறாரா என்று பார்த்தேனே தவிர, டொமைன் அவருடையதா என்று பார்க்கவில்லை. யாராவது நேம்சர்வரை மாற்றியிருந்தால் தளத்தோடு மெயிலும் அவர் கைக்குப் போயிருக்கும். மெயில் போனால் பாஸ்வேர்ட் ரீசெட்டும் போச்சு. இப்போது ஒவ்வொரு க்வெரியிலும் டொமைன் எண்ணோடு பயனர் எண்ணும் சேர்ந்தே போகிறது.

மெதுவா இருந்தா பயனர்களே சொல்லிடுவாங்க. ஓட்டையை நாமதான் தேடணும். உங்க அப்ளிகேஷனிலும் அந்த எண்ணை ஒருமுறை மாற்றிப் பாருங்க.