நுரையோட செல்ஃபி வேணாம் பாஸ்!

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்ச அண்ணனோட பைக்கைக் கடன் வாங்கியாச்சு. ஞாயிறு எங்கே? ஓசூர் பசங்களைக் கேட்டால் ரெண்டே பதில்தான். பக்கத்தில் என்றால் கெலவரப்பள்ளி அணை, கொஞ்சம் தூரம் என்றால் கே.ஆர்.பி. டேம். (மைசூர் கே.ஆர்.எஸ். இல்லீங்க, இது நம்ம கிருஷ்ணகிரி!)

ரெண்டுக்கும் தண்ணி தருவது ஒரே ஆறு, தென்பெண்ணை. கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. இங்கே அதைத் தடுக்கும் முதல் அணை கெலவரப்பள்ளி. அடுத்து கே.ஆர்.பி., அப்புறம் சாத்தனூர், கடைசியில் கடலூர் பக்கம் வங்கக்கடல்.

கே.ஆர்.பி.யில் பார்க் இருக்கு, சுடச்சுட மீன் வறுவல் இருக்கு. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 52 அடி. பாசனத்துக்காகக் கட்டிய அணை, பிக்னிக் எல்லாம் போனஸ்தான்!

கெலவரப்பள்ளி கதை வேற. ஷட்டர் திறந்தால் சில நாளில் பஞ்சு மிட்டாய் மாதிரி வெள்ளை நுரை மலையாகக் குவியும். 'செம லொகேஷன் மச்சி'ன்னு உடனே செல்ஃபி! அது பனி இல்லை பாஸ். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வரும் கழிவுநீர் இந்த ஆற்றில்தான் கலக்கிறது. துணி துவைக்கிற பவுடர், சோப்பு, தொழிற்சாலைக் கழிவு எல்லாம் அதில் உண்டு. ஷட்டரிலிருந்து விழுந்து அடிபடும்போது காற்று புகுந்து நுரைத்துப் பொங்குது. அதே பெல்லந்தூர் ஏரி 2017லும் 2018லும் தீப்பிடித்து எரிந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீங்க. தண்ணி எரிஞ்ச ஊரிலிருந்து வர்ற நுரையைக் கையில் அள்ளலாமா?

இன்னொரு விஷயம், குளியல். அணையின் அடித்தளம் ஸ்விம்மிங் பூல் மாதிரி சமமா இருக்காது. உள்ளே பழைய ஆற்றுப் பள்ளம் இருக்கு, கால் புதையும் சேறு இருக்கு. இடுப்பளவு தண்ணியில் நிற்பவன் அடுத்த அடியில் மூழ்கலாம். நீச்சல் தெரிஞ்சவனும் சேற்றில் சிக்கினால் கஷ்டம்தான்.

ஓசூரில் வெயில் அடிக்குதேன்னு ஆற்றில் இறங்காதீங்க. மேலே கர்நாடகாவில் மழை பெய்தாலே இங்கே வெள்ளம் வரும். 2017 நவம்பரில் கே.ஆர்.பி. அணையின் ஒரு ஷட்டரே உடைந்து தண்ணி பாய்ந்தது. கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விட வேண்டியதாச்சு.

அப்போ போகவே கூடாதா? தாராளமாப் போங்க! கரையில் உட்கார்ந்து அரட்டை அடிங்க, மீன் சாப்பிடுங்க, பறவை பாருங்க. அபாய போர்டு இருந்தால் அதைத் தாண்டாதீங்க. நுரை கண்ணில் பட்டால் தள்ளி நின்னு போட்டோ எடுங்க. ஆனா கேப்ஷனில் 'லொகேஷன் சூப்பர்'னு போடாம, அது எங்கிருந்து வருதுன்னு எழுதுங்க. நாலு பேர் கேள்வி கேட்கட்டுமே!