துப்பாக்கி விற்க யாருக்குத் தகுதி?

அமெரிக்காவில் 1993 வரை துப்பாக்கி விற்பதற்கான உரிமக் கட்டணம் ஆண்டுக்கு வெறும் 10 டாலர். கடை என்று ஒன்றுகூட வேண்டியதில்லை. வீட்டு முகவரியைக் கொடுத்தே பலர் உரிமம் வாங்கினார்கள். மொத்த விலைக்கு வாங்கிய துப்பாக்கிகள் பார்சலில் வாசலுக்கே வந்து இறங்கின. ‘சமையலறை மேசை வியாபாரிகள்’ என்றே அவர்களுக்குப் பெயர். அப்போது உரிமம் வைத்திருந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

இரண்டு சட்டங்கள் அதை மாற்றின. 1993இன் பிரேடி சட்டம், மூன்று ஆண்டுக் கட்டணத்தை 200 டாலராக உயர்த்தியது. மறு ஆண்டு வந்த குற்றத் தடுப்புச் சட்டம் புகைப்படமும் கைரேகையும் கேட்டது. விண்ணப்பத்தில் குறிப்பிடும் முகவரியில் கடை வைக்க உள்ளூர் விதிகள் இடம் கொடுக்க வேண்டும் என்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உரிமதாரர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கைரேகை வைக்கத் தயங்குபவரிடம் துப்பாக்கிப் பெட்டியை ஒப்படைக்காமல் இருப்பதே நல்லது.

இன்று விண்ணப்பிப்பவருக்கு வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவர், தலைமறைவாகத் திரிபவர், சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்துபவர் ஆகியோருக்கு உரிமம் கிடையாது. விண்ணப்பத்தில் முக்கியமான விஷயத்தை வேண்டுமென்றே மறைத்தாலும் கிடையாது. நிறுவனம் என்றால், அதை நடத்தும் அதிகாரம் உள்ள ஒவ்வொருவரின் பின்னணியும் அலசப்படும்.

காகிதம் சரியாக இருந்தால் உரிமம் வழங்கும் துறையின் அதிகாரி நேரில் வருவார். துப்பாக்கிகளை எங்கே பூட்டி வைப்பீர்கள் என்று பார்ப்பார். பதிவேட்டை எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுப்பார்: தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், வந்த தேதி, யாரிடமிருந்து, யாருக்குப் போனது. ஒரு துப்பாக்கிக்கு ஒரு வரி. நாளை அது ஒரு கொலை நடந்த இடத்தில் கிடைத்தால், போலீசார் தேடி வருவது அந்த வரியைத்தான்.

ஆனால் ‘இந்த ஆள் சரியில்லை’ என்று அதிகாரிக்குத் தோன்றினால் மட்டும் போதாது. சட்டம் சொன்ன நிபந்தனைகள் நிறைவேறினால் உரிமம் தந்தே ஆக வேண்டும். பிரிட்டனில் அப்படியில்லை. அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் வியாபாரம் செய்வது பொதுப் பாதுகாப்புக்கோ அமைதிக்கோ ஆபத்து என்று காவல்துறைத் தலைவர் கருதினால் மறுத்துவிடலாம்.

உரிமம் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. 2002 அக்டோபரில் வாஷிங்டன் வட்டாரத்தில் மறைந்திருந்து சுட்டவர்கள் பத்துப் பேரைக் கொன்றார்கள். அவர்கள் பயன்படுத்திய ரைபிள் டக்கோமா நகரிலுள்ள ஒரு கடையிலிருந்து காணாமல் போனது. துப்பாக்கி காணாமல் போனது தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கடை தெரிவிக்கவில்லை. சோதனை போட்டபோது, இருநூறுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கே இல்லை என்று தெரிந்தது.

அந்தக் கடையின் உரிமையாளரும் முறைப்படி உரிமம் பெற்றவர்தான். விண்ணப்பத்தன்று பார்த்த தகுதி பல ஆண்டுகளுக்குச் செல்லாது. ஆனால் 1986இல் வந்த சட்டம், வழக்கமான திடீர்ச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் நடத்தக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறது. அந்தக் கட்டை அமெரிக்க நாடாளுமன்றம் அவிழ்க்க வேண்டும். டக்கோமா கடையின் உரிமம் ரத்தானது 2003இல், பத்து உயிர்கள் போன பிறகு.