ஜீப்பின் ஜாதகம்

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்; வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்பது நம் பெரியோர் வாக்கு. இதன் முற்பாதியை ஏரல் பிரதேசத்து ஜனங்கள் கண்ணாரக் கண்டவர்கள். 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது, பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபர்ணி கரை புரண்டது; ஏரல் பாலம் சேதமுற்றது; ஊர் துண்டிக்கப்பட்டுத் தீவாயிற்று. கடலோரத்துப் படகுகள் லாரிகளில் ஏறி உள்நாட்டுக்கு வந்து, தத்தளித்த ஜனங்களை மீட்டன.

வண்டி ஓடத்தில் ஏறிய கதைதான் நாம் இங்கே சொல்ல வந்தது. கப்பலேறி வந்து, நம் தேசத்தில் இறங்கி, நாளடைவில் நம் பிரஜையாகவே ஆகிவிட்ட ஒரு வண்டியின் சரித்திரம் அது. ஜீப் என்றால் அறியாத குழந்தை உண்டா? ஆனால் அதற்கு ஒரு ஜாதகம் உண்டு என்பதையும், அதைப் பொய்யாக எழுதுகிறவர்களும் உண்டு என்பதையும் வெகு சிலரே அறிவார்கள்.

ஏரலில் ஆற்றைக் கடந்து தெற்கே குரும்பூர் வழியாகச் சென்றால், சிறிது தூரத்துக்கெல்லாம் பூமியின் நிறம் மாறுகிறது. நெல்லும் வாழையும் பின்தங்கிவிடுகின்றன. குங்குமத்தைக் கொட்டிப் பரப்பியது போன்ற செம்மணல் மேடுகள் கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிகின்றன. இதற்குத்தான் தேரி என்று பெயர். ஆனி, ஆடி மாதக் காற்றில் இம்மணல் இடம் விட்டு இடம் நகரும். காலை வைத்தால் கணுக்கால் புதையும். பதநீர்க் குடம் சுமந்து செல்லும் பனையேறிகளுக்கு அங்கே தங்கள் கால்களே வாகனம். சாதாரண மோட்டார் வண்டியோ, சக்கரத்தைச் சுழற்றச் சுழற்றத் தன் குழியைத் தானே தோண்டிக் கொள்ளும். இரண்டு சக்கரங்கள் மட்டுமே உந்துவதால் வரும் வினை அது.

நான்கு சக்கரங்களையும் ஒருமிக்க உந்தச் செய்தால் என்ன? இந்தக் கேள்விக்கு யுத்தம் பதில் சொல்லிற்று.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவத்தார், மேடு பள்ளம், மணல், சேறு எதிலும் செல்லக்கூடிய ஓர் இலேசான வண்டி வேண்டுமென்று 135 கம்பெனிகளுக்கு எழுதினார்கள். முதல் மாதிரியை 49 நாளில் கொண்டு வந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய கம்பெனிகள் பின்வாங்கின. கடன்பட்டுத் தள்ளாடிக் கொண்டிருந்த பான்டம் என்னும் சிறு கம்பெனி மட்டும் துணிந்தது. அதற்காகக் கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இஞ்சினீயர் சில நாட்களுக்குள் படம் வரைந்து முடித்தார். செப்டம்பர் 23-ம் தேதி, கெடு முடியும் தறுவாயில், வண்டி ராணுவ மைதானத்தில் வந்து நின்றது.

ஆனால் உழுதவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன். பான்டம் கம்பெனியால் பெருந்தொகையில் வண்டி செய்ய இயலாதென்று கருதிய ராணுவத்தார், அதன் படங்களை வில்லிஸ், போர்டு கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். யுத்தம் முடிவதற்குள் அவ்விரு கம்பெனிகளும் சேர்ந்து சுமார் 6,40,000 வண்டிகளைச் செய்து தள்ளின. மூலக் கம்பெனிக்கு மிஞ்சியது, ஜீப்பின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு பெட்டி வண்டிகளைச் செய்யும் வேலைதான்! ஜீப்பைப் படைத்தது தாமே என்று வில்லிஸ் கம்பெனியார் விளம்பரம் செய்யலாகாது என்று 1948-ல் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் உத்தரவிட்டது. ஆக, இந்த வண்டிக்குப் பிறந்த வீட்டிலேயே பிதா யார் என்பதில் வழக்கு. பெயரிலும் அப்படியே. ஜீ, பீ என்னும் இரண்டு எழுத்துக்கள் சேர்ந்து ஜீப் ஆயிற்று என்பார் ஒரு சாரார். 1936-ல் வேடிக்கைச் சித்திரக் கதையொன்றில் தோன்றிய, எங்கும் நுழைந்து எதையும் செய்யும் ஒரு விசித்திரப் பிராணியின் பெயரே என்பார் மறு சாரார்.

யுத்தத்தோடு ஜீப் நம் எல்லைக்கும் வந்தது. 1944-ல் இம்பால், கோஹிமா மலைப் பாதைகளில் அது காயம்பட்டவர்களையும் கோதுமை மூட்டைகளையும் சுமந்தது. யுத்தம் ஓய்ந்ததும் தளவாடங்களை ஏலம் விட்டார்கள். எத்தனையோ ஜீப்புகள் காக்கி உடையைக் களைந்து சம்சாரிகளாக மாறின.

1945 அக்டோபர் 2-ம் தேதி, மஹீந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மது என்பவரும் கூடி, மஹீந்திரா அண்டு முகம்மது என்ற பெயரில் இரும்பு வியாபாரம் தொடங்கினார்கள். 1947-ல் தேசம் இரண்டாயிற்று. குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகி, 1951-ல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் கம்பெனி மஹீந்திரா அண்டு மஹீந்திரா ஆயிற்று. ஒரு பெயர்ப் பலகையின் மாறுதலில் ஒரு தேசத்தின் பிரிவினையே அடங்கி விட்டது! அந்தக் கம்பெனிதான் ஜீப்பைப் பாகம் பாகமாகக் கப்பலில் தருவித்து, 1949-ல் பம்பாய் மாஜகானில் பூட்டத் தொடங்கியது. முதலில் பூட்டினோம், பிறகு கழற்றிப் பார்த்தோம், அப்புறம் ஒவ்வொரு பாகமாக நாமே வார்க்கவும் கடையவும் கற்றோம். சுதேசித் தொழில் என்பது இப்படித்தான் பிறக்கிறது.

1952 அக்டோபர் 2-ம் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது, கிராமங்களுக்குப் புதிய விதையையும் உரத்தையும் அம்மைக்குத்தும் தாதியையும் கொண்டு சென்றது ஜீப். போலீஸார் வந்தாலும் ஜீப். ஓட்டுக் கேட்க வந்தாலும் ஜீப். சுதந்திர இந்தியாவின் சர்க்காரைப் பட்டிக்காட்டான் முதன்முதலில் கண்டது, புழுதி பறக்க வந்த இந்த வண்டியின் உருவில்தான் என்றால் மிகையாகாது.

இப்போது, பழைய ஜீப்புகளைத் தேடிச் சேகரிக்கும் அன்பர்கள் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டிலும் பிற மாகாணங்களிலும் இத்தகையோர் பெருகி வருகிறார்கள். ஜோசியர் ரேகை பார்ப்பது போல் அவர்கள் வண்டியைப் பார்க்கும் விதமே தனி.

முகப்புக் கம்பி வலையில் நெடுக்காக ஒன்பது துளைகள் உண்டா? யுத்த கால வண்டி. ஏழுதானா? யுத்தத்துக்குப் பின் குடிமக்களுக்காகச் செய்தது. முன்விளக்கைத் திருகைத் தளர்த்தித் திருப்பினால், அது உட்புறம் திரும்பி இயந்திரத்துக்கு வெளிச்சம் காட்டுகிறதா? போர்க்களத்து இருட்டில் பழுது பார்ப்பதற்காக அமைத்த யுக்தி அது. மரையாணியின் தலையில் ஆங்கில எழுத்து 'எப்' பொறித்திருக்கிறதா? போர்டு கம்பெனியின் சரக்கு. பின்புறம் இறக்கி ஏற்றும் கதவு இருந்தால், அது யுத்த ஜீப் அன்று. இயந்திரத்தின் மூடி வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து நிற்கிறதா? அது 1953-ல் வில்லிஸ் கம்பெனி வெளியிட்ட சி.ஜே.3பி என்னும் ஜாதி. இயந்திரம் உயரமாயிருந்ததால் மூடியையும் உயர்த்த வேண்டியதாயிற்று. நம் நாட்டில் பல்லாண்டுக் காலம் செய்யப்பட்டது இந்த உயர்ந்த நெற்றிக்காரன்தான்.

இதற்கு ஒரு சகோதரனும் உண்டு: ஜோங்கா. ஜப்பானிய நிஸ்ஸான் கம்பெனியின் வண்டியை அனுமதி பெற்று ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் நம் தொழிலாளர்கள் செய்தார்கள். ஊர்ப் பெயரையும் தொழிற்சாலைப் பெயரையும் சுருக்கி வைத்த பெயர்தான் ஜோங்கா. 1999-ல் அதன் உற்பத்தி நின்றது. ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்காக்களைச் சேகரிப்போர் இன்று போற்றி வளர்க்கிறார்கள். பெட்ரோல் குடிப்பதில் அது அகஸ்திய முனிவருக்குச் சளைத்ததன்று என்பதை அவர்களே ஒப்புக் கொள்வார்கள்.

இத்தனை சிரத்தை மெச்சத் தக்கதே. ஆனால் சிலரிடம் ஒரு பெருங்குறை. பம்பாயில் பிறந்த சி.ஜே.3பி வண்டி ஒன்றை வாங்குகிறார்கள். உயர்ந்த மூடியை வெட்டித் தாழ்த்துகிறார்கள். ஏழு துளை முகப்பை எடுத்துவிட்டு ஒன்பது துளை முகப்பைப் பொருத்துகிறார்கள். பச்சை வர்ணம் பூசி, மூடியின்மேல் பெரிய வெள்ளை நட்சத்திரம் ஒன்றையும் எழுதிவிடுகிறார்கள். பார்ப்பவர்களிடம், "ஜெர்மானியரோடு யுத்தம் செய்த வண்டி!" என்கிறார்கள். ஐயோ பாவம்! அந்த வண்டி ஜெர்மனியைக் கனவிலும் கண்டதில்லை. அது தருமபுரியில் மலேரியாவுக்கு மருந்து தெளிக்கப் போயிருக்கலாம். தேவகோட்டையில் தேர்தல் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி சுமந்திருக்கலாம். அந்த வாழ்வு கேவலமா? சொந்தத் தாயை மறைத்து, இரவல் தகப்பனைச் சொல்லிக் கொள்வதில் பெருமை என்ன இருக்கிறது?

"பழைய இரும்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று வீட்டுப் பெரியவர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நாம் வெகு தூரம் போக வேண்டாம். ஏரலிலிருந்து ஆற்றோரமாக மேற்கே சென்றால் ஆதிச்சநல்லூர். அங்கே 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, நம் முன்னோரின் மட்பாண்டங்களையும் இரும்புக் கருவிகளையும் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். நமக்கு அது வெறும் பரம்பு. அவருக்கு அது பொக்கிஷம். வடகிழக்கே போனால் தூத்துக்குடி. 1906-ல் அங்கேதான் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைக் கொண்டு வந்தார். 1908-ல் அவரைச் சிறையிலிட்டார்கள். கம்பெனி கலைந்தது. இன்று நம் குழந்தைகளுக்கு அந்தக் கப்பல்களைப் படத்தில்தான் காட்ட முடிகிறது. அவற்றின் சுக்கான் ஒன்றேனும் நம்மிடம் இருந்தால், அதைப் பழைய மரம் என்று எந்தப் பெரியவராவது சொல்வாரா?

இவ்விஷயத்தில் சர்க்காரும் கண் விழித்திருக்கிறது. 2021 ஜூலையில் வெளியான மத்திய சர்க்கார் விதிகளின்படி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட மோட்டார் வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதிவு செய்யலாம். கட்டணம் ரூ.20,000, பத்து வருஷம் செல்லும். ஆனால் சட்டகம், மேற்கூடு, இயந்திரம் இவற்றில் பெரும் மாறுதல் செய்திருக்கக் கூடாது. வாடகைக்கும் தினசரி உபயோகத்துக்கும் ஓட்டக் கூடாது. நாம் தர்மமென்று சொன்னதையே சட்டமும் சொல்லுகிறது: உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.

ஆகவே, பழைய ஜீப் ஒன்று கைக்குக் கிடைத்தால், வர்ணக்காரனைக் கூப்பிடுமுன் இயந்திர எண்ணையும் சட்டக எண்ணையும் குறித்துக் கொள்ளுங்கள். பித்தளைத் தகட்டில் பொறித்திருப்பதைச் சுரண்டி எறியாதீர்கள். பதிவுப் புஸ்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். முன்பு அதை ஓட்டிய கிழ டிரைவர் உயிரோடிருந்தால், அவரிடம் போய் உட்கார்ந்து, எந்தெந்த ஊருக்கு எதற்காக ஓட்டினார் என்று கேட்டு எழுதுங்கள். இயந்திரத்தைப் பிறகும் சீர் செய்யலாம். அவர் போய்விட்டால் அந்தக் கதை போனது போனதுதான்.

இன்னொரு வார்த்தை. ஜீப் சரியாகிவிட்டது என்ற உற்சாகத்தில் தேரிக்குள் பாய்ந்துவிட வேண்டாம். அங்கே வனக் காப்பு நிலம் உண்டு, அனுமதியின்றிப் புகலாகாது. அது மட்டுமல்ல. அந்தச் செம்மணலில் ஆதி மனிதர் செதுக்கிய சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைக்கின்றன. 1956-ல் ஜாய்னர், ஆல்ச்சின் என்ற இரு அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கூலாங்கல்லை உடைத்துக் கூர் செய்த அந்தக் கையும், மாஜகானில் மரையாணியை முடுக்கிய கையும் ஒரே கைத்தொழிலின் இரு முனைகள். ஒன்றைக் காப்பாற்றுகிறேன் என்று மற்றொன்றின்மேல் சக்கரத்தை ஏற்றலாமா?

நட்சத்திரம் வேண்டுமானால், நம் ஜீப்பின் ஜாதகத்திலேயே ஒன்று இருக்கிறது. அது பிறந்த ஊர் பம்பாய் என்று எழுதியிருக்கும் அந்தத் தகடுதான் அது. அதைத் துடைத்துப் பளபளப்பாக வைத்தால் போதும்.