தண்ணீர் வந்ததா எனக் கேட்டு மெசேஜ் அனுப்புங்கள்!

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தஞ்சாவூர் விவசாயி ஆற்றைப் பார்ப்பார். விதை, உரக்கடையின் கம்ப்யூட்டரோ காலண்டரை மட்டுமே பார்க்கும்!

'விதை வாங்கி 40 நாளாச்சு, மேலுரம் போடுங்க' என்று கடையிலிருந்து தானாகவே மெசேஜ் போகிறது. தண்ணீர் வராமல் நாற்றே விடாதவருக்கு அது போய்ச் சேர்ந்தால்? நம்பி உரம் வாங்கினால் அவர் பணம் முடங்கும். எரிச்சலானால், அடுத்த மெசேஜை அவர் திறக்கவே மாட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும் மெசேஜ் வரிசையை மாற்றுவது எப்படி?

முதலில் நிறுத்தி வையுங்கள். பாதி வரிசையில் இருப்பவர்களைப் பிரியுங்கள். பம்ப்செட் தண்ணீரில் நட்டவருக்குப் பழைய வரிசையே ஓடட்டும். ஆற்றுப் பாசனக்காரருக்கு நிறுத்துங்கள். சுமார் 110 நாள் குறுவை ரகமான ஆடுதுறை 43-ஐ விட்டு, நீண்ட காலச் சம்பா ரகத்துக்கு மாறியவருக்குப் புது வரிசை வேண்டும். விதை வாங்கிய நாளை விட்டுவிட்டு, நட்ட நாளைக் கேட்டு அதிலிருந்து எண்ணுங்கள். மாற்றியதை முதலில் உங்கள் போனுக்கே அனுப்பிப் பாருங்கள்.

எஸ்.எம்.எஸ் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. வாசகத்தை டி.எல்.டி தளத்தில் முன்பே பதிய வேண்டும் என்கிறது டிராய் விதி. பதியாத வாசகம் வழியிலேயே தடுக்கப்படும். 'அணை திறப்பு தள்ளிப்போகிறது, உரம் வாங்க அவசரம் வேண்டாம்' என்ற வாசகத்தை மே மாதமே பதிந்து வையுங்கள். வாங்காதே என்று சொல்லும் கடையை விவசாயி மறக்க மாட்டார்!