சிங்கநகம்: எல்டன் ரிங்கில் ஒரு வாள்வித்தையும் அதன் கதையும்



இலக்கியம் பேசும் நேரலையில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் வீட்டுப் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். அந்தத் திரைக்குள் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் அமர்ந்து பார்க்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. அதனால் இன்று ஒரே ஒரு வாள்வீச்சை எடுத்துக்கொள்கிறேன். அது எங்கே கிடைக்கும், எப்படிப் பயன்படுத்துவது, அதற்குள் என்ன கதை ஒளிந்திருக்கிறது என்று மூன்றையும் பார்ப்போம். விளையாடுகிறவர்களுக்கு இது ஒரு வழிகாட்டி. விளையாடாதவர்கள் ஒரு கதை என்று கேட்டுக்கொள்ளலாம்.

விளையாட்டின் பெயர் எல்டன் ரிங். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்தது. இயக்கியவர் ஹிடேடகா மியாசாகி. அந்த உலகத்தின் தொன்மக் கதையை எழுதிக்கொடுத்தவர், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் மூல நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். மியாசாகி தன் சிறுவயதைப் பற்றி ஒரு பேட்டியில் சொன்னது முக்கியமானது. ஆங்கிலப் புத்தகங்களை முழுதும் புரியாமலே வாசிப்பாராம். புரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வாராம். அவருடைய விளையாட்டுகளிலும் கதை அப்படித்தான் வருகிறது. யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. ஒரு வாளின் குறிப்பில் இரண்டு வரி, ஒரு தலைக்கவசத்தின் குறிப்பில் இரண்டு வரி என்று சிதறிக் கிடப்பதை நாம்தான் கோக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் வாளுக்கென்று ஒரு தனித்திறன் உண்டு. சாதாரணமாக வெட்டுவதற்கு ஒரு பொத்தான், அந்தத் திறனைக் காட்டுவதற்கு வேறொரு பொத்தான். பல ஆயுதங்களில் இந்தத் திறனை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு உதவும் பொருளை 'ஆஷ் ஆஃப் வார்' என்கிறார்கள். நாம் போர்ச்சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று 'லயன்ஸ் க்ளா', அதாவது சிங்கநகம். வீரன் நின்ற இடத்திலிருந்து எழும்பி, காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, உடலின் முழு எடையோடும் வாளை எதிரியின்மேல் இறக்குவான். கண்கட்டு வித்தை கிடையாது, ஒளியும் மின்னலும் கிடையாது. ஆளும் வாளும் பூமியின் ஈர்ப்பும் மட்டும்தான்.

முதலில் செய்யவேண்டியது என்ன? விளையாட்டு தொடங்கும் லிம்கிரேவ் பகுதியில் கேட்ஃப்ரண்ட் என்னும் இடிபாடு இருக்கிறது. அதன் நிலவறைப் பெட்டியில் ஒரு சாணைக் கத்தி கிடைக்கும். சாம்பலை வாளில் ஏற்ற அது உதவும். அதை எடுத்துக்கொண்டு கிழக்கே போனால் வானமே சிவந்து கிடக்கும் கேலிட் என்ற நிலம் வருகிறது. அதன் தென்மேற்கில் கேல் கோட்டை. உள்ளே ரெட்மேன் படையின் வீரர்கள் இருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு பெரிய சிங்கம். அதை வீழ்த்தினால் சிங்கநகம் கையில் வரும்.

அவசரப்பட்டு உள்ளே ஓடினால் வீரர்களும் சிங்கமும் சேர்ந்து சூழ்ந்துகொள்வார்கள். வீரர்களை ஒவ்வொருவராக இழுத்து முடித்துவிட்டு, சிங்கத்தைத் தனியாக எதிர்கொள்வது நல்லது. சிங்கம் பாயும்போது பின்னால் ஓடாதீர்கள், அது நம்மைவிட வேகமானது. பாய்ச்சலுக்கு உள்ளாகவோ பக்கவாட்டிலோ உருண்டு போனால் அதன் முதுகுப்புறம் நமக்குக் கிடைக்கும்.

அந்தக் கோட்டைக்குப் போனவர்கள் இன்னும் இரண்டு பொருட்களை விட்டுவிட வேண்டாம். கோட்டைக்குள் ஒரு பெட்டியில் உடல்வலிமையை 5 புள்ளி கூட்டும் தாயத்து இருக்கிறது. கோட்டைக்குப் பின்னால், நெருப்பு கக்கும் இரண்டு தேர்களுக்கு நடுவே, ஒரு மந்திரம் கிடக்கிறது. அதை ஓதினால் 30 விநாடிகளுக்கு உடல்தாக்குதலும் நெருப்புத்தாக்குதலும் 20 சதவீதம் கூடும். வலிமையை நம்பிப் போரிடுகிறவனுக்கு வேண்டிய மூன்றும் ஒரே கோட்டையில் வைக்கப்பட்டிருக்கின்றன. இது தற்செயலாக இருக்க முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி பயன்படுத்தும் முறை. சிங்கநகம் ஏறிய வாளுக்கு 'ஹெவி' என்ற குணம் வரும். அதாவது வாளின் அடி, கைச்சாதுரியத்தைவிட உடல்வலிமையைச் சார்ந்து வளரும். அதனால் பெரிய, கனமான வாள்களுக்கு இது பொருத்தம். கேலிட்டிலேயே, நின்றுபோன ஒரு வண்டியின் பின்புறப் பெட்டியில், கிரேட்ஸ்வர்ட் என்ற ராட்சத வாள் கிடைக்கும். அதைத் தூக்க வலிமை 31, சாதுரியம் 12 வேண்டும். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு கைகளாலும் பிடித்தால் விளையாட்டு நம் வலிமையை ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்ளும். ஆகவே வலிமை 21 இருந்தாலே அந்த வாளை இரு கையால் சுழற்றிவிடலாம். அதேபோல 54 வந்துவிட்டால் அது 81 ஆகக் கணக்காகும். 80க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் பலன் குறைந்துவிடுகிறது. எனவே 54இல் நிறுத்திக்கொண்டு, மிச்சப் புள்ளிகளை உயிர்பலத்துக்குப் போடுவது புத்திசாலித்தனம்.

இரண்டு கைப்பிடிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இடது கையில் கேடயம் இருந்தால், பொத்தானை அழுத்தும்போது பெரும்பாலும் கேடயத்தின் திறன்தான் வேலை செய்யும். "சாம்பலை ஏற்றிவிட்டேன், ஆனால் சிங்கம் பாயவே இல்லை" என்று புதியவர்கள் குழம்புவது இதனால்தான். வாளை இரு கையால் பிடித்தால் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் 20 புள்ளி மனோசக்தி செலவாகும். ஆகவே குடுவைகளில் சிலவற்றை நீலநிறக் குடுவைகளாக மாற்றிவையுங்கள். குட்டிக்கரணம் போடும் நேரத்தில் சிறிய அடிகள் நம்மைக் குலைப்பதில்லை, ஆனால் வலி உண்டு, உயிர் குறையும். எதிரி தன் வெட்டை முடித்து மூச்சு வாங்கும் நொடிதான் இதற்கான நொடி. சில பாய்ச்சல்கள் சரியாக விழுந்தால் பெரிய எதிரிகூட நிலைகுலைந்து மண்டியிடுவான். அப்போது அருகில் போய் ஒரே குத்தில் பெரும் சேதம் செய்யலாம். வேகமாக இடம் மாறும் எதிரியிடம் இதைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்தினால் வெறுந்தரையைத்தான் வெட்டுவோம்.

வழிகாட்டி முடிந்தது. இனி கதை.

ரெட்மேன் படையின் தலைவன் பெயர் ராடான். செந்நிற முடி, மலைபோன்ற உடல். முதல் எல்டன் அரசனான காட்ஃப்ரேயின் முதுகில் ஒரு சிங்கம் உண்டு. அந்த அரசனைத் தன் ஆதர்சமாகக் கொண்டவன் ராடான், அதனால் சிங்கத்தைத் தன் சின்னமாக்கிக்கொண்டான். சிங்கநகம் அவன் படையின் அடையாள வித்தை. அவனுக்கு ஒரு நோஞ்சான் குதிரை, பெயர் லெனார்ட். எஜமானனின் உடல் பெருத்துக்கொண்டே போகிறது, குதிரை தாங்காது. வேறு குதிரை பார்த்திருக்கலாம். ராடான் அதைச் செய்யவில்லை. அந்தக் குதிரையைக் கைவிடக்கூடாது என்பதற்காகவே ஈர்ப்புவிசை மாயத்தைக் கற்றுக்கொண்டான்.

பிறகு மலேனியாவுடன் போர். இருவரும் சமபலம். முடிவில் அவள் செந்நிற அழுகல் நோயை மலரவிட்டாள். கேலிட் முழுவதும் புழுத்துப்போனது. ராடான் சாகவில்லை, புத்திதான் போயிற்று. நண்பன் யார் பகைவன் யார் என்று தெரியாமல், போர்க்களத்துப் பிணங்களைத் தின்று திரிகிறான். அந்த நிலையிலும் குதிரைமேல்தான் இருக்கிறான், குதிரை இன்னும் நசுங்கவில்லை. கற்ற மாயம் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

அவனுக்கு மரியாதையான ஒரு சாவைக் கொடுக்கவேண்டும் என்று ரெட்மேன் கோட்டையில் விழா எடுக்கிறார்கள். பல வீரர்கள் வருகிறார்கள், விளையாடுகிற நாமும் போகிறோம். நம் கையில் என்ன இருக்கிறது? அவனுடைய கோட்டையில் எடுத்த தாயத்து, அவனுடைய படை பயின்ற வித்தை. ராடானின் மேல் நாம் பாய்ச்சும் சிங்கநகம், அவன் படையிலிருந்து வந்ததுதான்.

கேல் கோட்டையில் ஏன் அந்தப் பொருட்கள் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். விளையாட்டு இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. விரைவாக விளையாடி முடிப்பவருக்கு அது ஒரு பலமான அடி, அவ்வளவுதான். குறிப்புகளை வாசிப்பவருக்கு அந்தப் போர் வேறாகிவிடுகிறது. குருவையே வீழ்த்தவேண்டிய சீடனின் தர்மசங்கடம் நமக்குப் புதிதல்ல, பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். துரோணருக்கு எதிரே வில்லெடுத்து நின்ற அர்ஜுனனை நமக்குத் தெரியும். இங்கே அந்த இடத்தில் கன்ட்ரோலரோடு நம் பிள்ளை நிற்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை உங்கள் மகனோ மகளோ இதை விளையாடும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். "இந்த வித்தை யாருடையது?" என்று கேளுங்கள். தெரியாது என்றால், இருவருமாகச் சேர்ந்து அந்தக் குறிப்பைத் திறந்து வாசியுங்கள், தமிழில் சொல்லிப் பாருங்கள். 'லயன்ஸ் க்ளா'வுக்கு என்னைவிட நல்ல பெயர் அவர்களுக்குத் தோன்றலாம்.

 கேள்விகள் இருந்தால் பேசலாம்.